நல்ல நேரம் பார்த்து மீட்டெடுத்த வரன்கள்

மந்தைவெளி,
புதன்கிழமை காலை.

அன்புள்ள தம்பி சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மதினி சண்முகவடிவு எழுதுவது. நீங்களும் தங்கச்சி சூடாமணியும் குழந்தை சிந்துவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர நீங்கள் எனக்கு வேறு வழி வைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமையிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் பாத்திரக்கடைக்குப் பேசினால் கல்லாவில் இருப்பவர் "மொதலாளி வெளிய போயிருக்காங்கம்மா" என்கிறார். அவருக்குப் பின்னாலேயே நீங்கள் "அஞ்சு லிட்டர் குக்கரை எறக்கப்பா" என்று சத்தம் போடுவது எனக்குக் கேட்கிறது. மந்தைவெளிக்கும் தி.நகருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். அந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. நேரில் வந்தால் உங்கள் கடையில் வாணலி தட்டிப் பார்க்கிற பத்துப் பேருக்கு முன்னால் நம் குடும்ப விஷயத்தைப் பேச வேண்டியிருக்கும். தவிர, மன்னிப்புக் கேட்பதானால் மையில் எழுதித்தான் கேட்க வேண்டும், அதுவும் மார்ஜின் விட்டு எழுத வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர் ஃபிலோமினா சொல்லிக் கொடுத்தார். மார்ஜின் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளின் கல்யாணம் நின்றுபோகிற அளவுக்கு நான் செய்தது என்ன என்று உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. வெள்ளிக்கிழமை போனில் நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே "எங்கண்ணன் இருந்தா இப்படி நடந்திருக்குமா மதினி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் முதலில் எழுதிவிடுகிறேன். நடந்திருக்கும். பஞ்சாங்கத்தை நான் புரட்டுவதற்குப் பதில் உங்கள் அண்ணன் புரட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை எங்கே தைக்குமோ அங்கே தைத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு நான் கௌரவச் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். வரன்களின் ஜாதகமும் விவரமும் முன்பு இரும்பு அலமாரியில் இருந்தன. ஒரு மழையில் கீழ்த்தட்டு முழுக்க ஊறி, ரேவதி நட்சத்திரக்காரர்கள் எல்லோரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் என் எதிர்வீட்டு மஹ்விஷ், நந்தனத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், எல்லாவற்றையும் கிளவுட் என்கிற இடத்தில் ஏற்றிக் கொடுத்தாள். எங்கேயோ ஒரு கம்பெனி அதைப் பத்திரமாக வைத்திருக்கும், நாம் இங்கிருந்தே பார்க்கலாம், திருத்தலாம். யாருக்காவது நிச்சயமோ கல்யாணமோ நடந்தால் "முடிந்தது" என்று குறிக்க வேண்டும். குறிக்காதவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் பொருத்தமான வரன்களின் பெயரும் போன் நம்பரும் தானாகவே செய்தியாகப் போகும். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒழுங்காக நடத்திக்கொண்டு வந்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும்.

அன்றைக்கு எனக்கு "நிறம்" என்கிற கட்டத்தின் மேல் கோபம் வந்தது. எங்கள் மையத்தில் பதிந்திருக்கிற பெண்கள் அத்தனை பேரும் சிவப்பு. மாப்பிள்ளைகளும் சிவப்பு. மந்தைவெளி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கட்டம் எதற்கு, மனிதர்களா பட்டுப்புடவையா என்று தோன்றியது. நியாயமான கோபம்தான், அதற்காக நான் வருந்தவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் எல்லோருக்கும் காலி செய்துவிடலாம் என்று மேலே இருந்த சின்னச் சதுரத்தில் டிக் வைத்து, குப்பைக்கூடைப் படத்தை அழுத்தினேன். "நிச்சயமாகவா?" என்று திரையில் கேட்டது. தம்பி, நான் வாழ்க்கையில் எதை நிச்சயமில்லாமல் செய்திருக்கிறேன்? ஆமாம் என்று அழுத்தினேன். நிறம் போயிற்று. நிறத்தோடு பெயர், வயது, நட்சத்திரம், படிப்பு, உயரம், அத்தனையும் போயிற்று. மந்தைவெளி, மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் வட்டாரத்தில் கல்யாணத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர் மிச்சமில்லை. வெள்ளைத் திரையும் நானும் மட்டும் இருந்தோம். மணி மூன்றரை. செவ்வாய்க்கிழமை ராகுகாலம்.

மஹ்விஷ் மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும் முன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா ஆண்ட்டி ராத்திரி பூரா லைட் போட்டுட்டு ஒக்காந்திருந்தீங்க? பேக்கப் இருக்கு. போன முப்பத்தஞ்சு நாள்ல எந்த நிமிஷம் வேணும்னு சொல்லுங்க, அந்த நிமிஷம் எப்படி இருந்துதோ அப்படியே எடுத்துக் குடுத்துடும்" என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. உடனே அவள், "நேத்து மூணு இருபதுக்குப் போயிடலாம்" என்று கையை வைத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

யோசித்துப் பாருங்கள், தம்பி. நம் வீட்டில் புது அடுப்பில் பால் காய்ச்சுவதற்கே நாள் பார்ப்போம். முப்பத்தைந்து நாட்களை நம் முன்னால் தாம்பாளத்தில் பரப்பி, எந்த நிமிடம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று ஒருவர் சொல்லும்போது, ராகுகாலத்தையா எடுப்பது? நேரம் தவறாமையைக் கன்னியாஸ்திரிகள் கற்றுக் கொடுத்தார்கள். எந்த நேரம் என்பதை அம்மா கற்றுக் கொடுத்தாள். இரண்டு பேரும் எனக்குள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. "மூன்றரை ராகுகாலம்" என்றேன். "சரி, ரெண்டு அம்பதுக்குப் போகலாம், ராகுகாலத்துக்கு முன்னாடி" என்றாள், கெட்டிக்காரப் பெண். "செவ்வாய்க்கிழமையாச்சே, அதுவும் நவமி" என்றேன். "திங்கள்?" "அஷ்டமி." "ஞாயிறு?" பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், கரிநாள். "சனி?" என்று கேட்டுவிட்டு அவளே அடுத்ததற்குப் போனாள். "வெள்ளிக்கிழமை ஆண்ட்டி, வெள்ளிக்கிழமையில என்ன குத்தம்?" குற்றம் இல்லை, ஆனால் தேய்பிறை. தேய்பிறையில் திரும்பக் கொண்டுவந்த வரன்கள் தேய்ந்துகொண்டே போகாதா? இப்படியே பின்னால் போய், பௌர்ணமியைத் தாண்டி, வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமையில் என் விரல் நின்றது. ஐப்பசி மாதத்திலேயே அதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது. நம் சிந்துவுக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாளும் அதுதானே! இதைவிட ராசியான நாள் எது என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. முகூர்த்தம் ஆரம்பிக்கிற காலை ஒன்பது மணி என்று துல்லியமாகச் சொன்னேன்.

மஹ்விஷ் எச்சரிக்கத்தான் செய்தாள், அவள் மேல் பழி போட மாட்டேன். "ஆண்ட்டி, அந்த ஒம்பது மணிக்கப்புறம் நீங்க மாத்தினது, குறிச்சது எதுவும் இருக்காது, ஓகேவா?" என்றாள். "நான் எல்லாவற்றுக்கும் துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன், திரும்ப ஏற்றிவிடுவேன்" என்றேன். "ஒடனே ஏத்திடுங்க" என்றாள். ஏற்றியிருக்கலாம். அன்று பிற்பகல் கண் வலித்தது, வியாழக்கிழமை எனக்கு விரதம், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று தள்ளிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன். மீட்டெடுத்த விவரங்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வருவதில்லையாம். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. ஆகவே திரையில் எங்கள் மையம் இரண்டாகத் தெரிந்தது, ஒன்று நிறைந்தது, ஒன்று வெறுமையானது. ஒரே பெயரில் இரண்டு இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உங்களுக்குத் தெரியும், என் அலமாரியில் ஒற்றைக் காதணிகூடக் கிடையாது. வெறுமையானதைத் தூக்கிவிடச் சொன்னேன். "ரெண்டு நாள் இருக்கட்டுமே ஆண்ட்டி" என்றாள். முடியாது என்றேன். "அப்ப கடைசியா ஒரு காப்பி எடுத்து வெச்சுடறேன், கேக்குது பாருங்க" என்று திரையைக் காட்டினாள். கல்யாணம் பேசுகிற இடத்தில் "கடைசி" என்ற பேச்சே கூடாது, ஒரு காப்பியும் வேண்டாம் என்றேன். "ஒங்ககூட வாதாடி ஜெயிச்சவங்க இந்தத் தெருவுலயே இல்ல ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் சொன்னபடியே செய்துவிட்டுப் போனாள். அந்த முப்பத்தைந்து நாட்களும் வெறுமையாகிப்போன அந்தப் பழையதோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தனவாம். பழையது போனபோது அவையும் சேர்ந்து போயின. இதை அவள் சாயங்காலம் வந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்போதும் நான் கவலைப்படவில்லை. நல்ல முகூர்த்தத்தில் இருந்த விவரங்கள் கையில் இருக்கும்போது என்ன கவலை?

வெள்ளிக்கிழமை காலை நான் தலையில் சீயக்காயோடு இருக்கும்போது செய்திகள் போய்விட்டன. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, தம்பி. ஐப்பசியின் மிக நல்ல முகூர்த்தம் என்பதால்தான் ஊரில் அத்தனை பேரும் அன்றைக்கே நிச்சயமும் கல்யாணமும் வைத்திருந்தார்கள். நான் பிடித்து நிறுத்தியதோ அந்த முகூர்த்தத்தின் வாசற்படியில். எங்கள் மையத்தின் கணக்கில் அன்று தாலி கட்டியவர்கள் யாரும் இன்னும் கட்டவில்லை. தட்டு மாற்றியவர்கள் யாரும் இன்னும் மாற்றவில்லை. எங்கள் தலைவர் விஜயராகவன் அவர்களின் மகளுக்கு அன்றுதான் கல்யாணம். அந்தப் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் போனில் பதினாலு பெண்களின் விவரம் வந்து இறங்கியது. விஜயராகவன் எனக்குப் பேசினார். "என்ன மேடம் இது அக்கிரமம்? எங்காத்து மாப்பிள்ளைக்கே வரன் அனுப்பியிருக்கேளே! பக்கத்துல எம்பொண்ணு உக்காந்துண்டு ஒவ்வொண்ணா படிக்கறா. மூணாவது நன்னா இருக்குன்னு வேற சொல்றா!" என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது, அதற்குள் இன்னொன்று.

உங்களுக்கு வந்ததும் அப்படித்தான். சிந்துவுக்குப் பொருத்தமான ஒன்பது மாப்பிள்ளைகள். அடையாறில் மாப்பிள்ளை அஸ்வத்துக்குப் பதினொரு பெண்கள். அந்தப் பதினொரு பெண்களின் அப்பாக்களுக்கும் அஸ்வத்தின் அம்மா ஜெயஸ்ரீயின் நம்பர். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு தம்பதி போன்கூடப் பண்ணாமல், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று பழம் பூவோடு நேரில் போய் நின்றுவிட்டார்களாம். அவர்கள்தான் ஜெயஸ்ரீயிடம், "நீங்க ஏன் தயங்கறீங்க, அந்தப் பொண்ணு வீட்லயும் வேற எடம் பாக்கறாங்க போல, எங்க பையனுக்கு வந்த லிஸ்ட்ல பேரு இருக்கே" என்று சிந்துவின் பெயரையும் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் உங்களுக்குப் போன் செய்து பேசியதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தை மாதத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகைக்குப் பெயர் எழுதியாகிவிட்டது, நான் ஒரு நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

சனிக்கிழமை, கொட்டுகிற மழையில், பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடையாறுக்கு ஆட்டோ ஏறினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கையில பழத்தட்டு கீது, மூஞ்சி மட்டும் எழவு வூட்டுக்குப் போற மாரி கீது?" என்றார். பழத்தட்டை முந்தானையால் மூடிக்கொண்டேன். ஜெயஸ்ரீ தண்ணீர் மட்டும் கொடுத்தார். காபி வேண்டுமா என்று கேட்கக்கூட இல்லை. நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், நிறத்தின் கட்டம், ராகுகாலம், வளர்பிறை, பழையது புதியது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன்க்கா, தப்பு பண்றவங்க எல்லாரும் கம்ப்யூட்டர்னுதான் சொல்றாங்க. நீங்க மட்டும் பஞ்சாங்கத்தையும் சேத்துக்கறீங்க" என்றார். அப்போது அஸ்வத் உள்ளறையிலிருந்து வந்து, "ரீஸ்டோர் பண்ணா அப்படி ஆகும்மா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார். அளந்து பேசுகிற பிள்ளை. அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. ஜெயஸ்ரீக்குப் போதவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். பெண் வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

திங்கட்கிழமை மறுபடியும் போனேன். இந்தத் தடவை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தவறு என்னுடையது. என் கொழுந்தனோ அவர் பெண்ணோ வேறு இடம் பார்க்கவில்லை. அவர்கள் கடையையும் வீட்டையும் தவிர எதையும் பார்க்கிறவர்கள் இல்லை. என் திமிருக்கு அந்தப் பெண்ணைத் தண்டிக்காதீர்கள்" என்றேன். திமிர் என்ற சொல்லை நானே என்னைப் பற்றிச் சொன்னேன், தம்பி. ஜெயஸ்ரீ எழுந்து போய் டபராவில் காபி கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம், ஆனால் நான் குறை சொல்லாமல் குடித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பூவும் பழமும் கொண்டு. நடந்ததை மறந்து தையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. சிந்துவின் கல்யாணம் திரும்பி வந்துவிட்டது. இதைத்தான் உங்கள் போனில் சொல்ல இரண்டு நாட்களாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

சூடாமணி கேசரிக்கு ஏற்பாடு செய்யட்டும், முந்திரியில் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். சிந்துவும் இத்தனை நாட்களாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைக்கிறேன், இருக்காதா பின்னே? அவளிடம் பெரியம்மா எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் மையத்திலிருந்து விலகுவதாக நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விஜயராகவன் பெருந்தன்மையாக உடனே ஏற்றுக்கொண்டார், கொஞ்சம் யோசித்திருக்கலாம். மஹ்விஷ் மட்டும் "நீங்க போயிட்டா யார் ஆண்ட்டி என்னைத் திட்டுவாங்க?" என்று கேட்டாள். இனி யாருடைய கல்யாணத்திலும் நான் கை வைக்க மாட்டேன் என்று உங்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம்: புகுந்த வீட்டில் நிறைவாக இருக்கட்டும். தங்கச்சிக்கு என் அன்பு. உங்களிடம் வேண்டுவது மன்னிப்பு ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
சண்முகவடிவு

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சிந்து வந்தாள், ஆபீஸ் போகிற வழியில். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை அவங்க வராங்களாமே பெரியம்மா?" என்றாள். ஜெயஸ்ரீ அவளுக்கே பேசியிருக்கிறார். ஆமாம், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, "ஏன் பெரியம்மா சரி பண்ணீங்க?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "அஸ்வத் கெட்டவர்லாம் இல்ல. நிச்சயம் ஆனதுலருந்து தெனம் காலைல ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பறார், குட் மார்னிங்னு. நீங்க என்ன படிப்பீங்க, என்ன பிடிக்கும்னு நான் ஏதாவது கேட்டா மறுநா சாமந்திப்பூ வருது. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல பெரியம்மா" என்றாள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "யார்ட்ட? அப்பா, மதினிக்குத் தெரியும்னார். அம்மா, பெரியம்மாவுக்குத் தெரியும்னாங்க. நீங்க, பத்துக்கு ஒம்பது பொருத்தம்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டீங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம அந்த மெசேஜ் வந்து எல்லாம் நின்னுபோச்சுன்னு அப்பா கத்தினார் பாருங்க, அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். நீங்க தெரியாம அழிச்சதுல இது ஒண்ணு சரியா அழிஞ்சுது. திருப்பிக் கொண்டு வராதீங்க பெரியம்மா" என்றாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கேசரி வேண்டாம். வேட்டியும் வேண்டாம். சிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் வார்த்துக் கொடுத்த இரண்டு தோசையையும் தின்றுவிட்டுப் போய்விட்டாள். அடையாறுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.